வலது காலை மட்டும் படம்பிடித்தோம்

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கோலாலம்பூரில் கணினி வரைகலை படிக்கும் பிள்ளைகள் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கல்லூரியில் புதிதாக ஓர் உடுப்பு வாங்கியிருக்கிறார்களாம். அதை மாட்டிக்கொண்டு ஒருவர் நடந்தால் போதும், உடுப்பில் தைத்திருக்கும் சின்னச் சின்னக் கருவிகள் அவருடைய அசைவை அப்படியே கணினிக்குள் அனுப்பிவிடுமாம். "நீங்கள் எல்லாம் கையாலேயே செய்தீர்களாமே அக்கா? ஓய்வு பெற்ற மூத்த கலைஞர் என்ற முறையில் எங்கள் தமிழ் மன்ற இதழுக்கு ஓர் அனுபவக் கட்டுரை எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு வயது இருபத்தேழு. மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "மூத்த கலைஞரா? மொதல்ல துணியக் காயப் போடு" என்றார்.

ஆனாலும் பிள்ளைகள் சொன்னதில் தப்பில்லை. நான் செய்த வேலை இன்று இல்லை. செய்த நிறுவனம் இல்லை. இப்போது மலாக்கா பட்டணத்தில் ஒரு கணினி வகுப்பில் தட்டச்சு சொல்லிக் கொடுக்கிறேன். ஓய்வு என்றால் இதுவும் ஓய்வுதான். எனவே கேட்டதை எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்த்த கட்டுரையாக இது இருக்குமா என்பது தெரியவில்லை.

படித்த காலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா பால் வெட்டுபவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பட்டணத்துப் பள்ளி, கோலாலம்பூரில் இரண்டு வருட டிப்ளோமா. அங்கே ஒரு நாள் கணினித் திரையில் ஒரு பந்து துள்ளுவதைப் பார்த்தேன். தரையைத் தொடும்போது பந்து கொஞ்சம் தட்டையாகிறது, எழும்பும்போது கொஞ்சம் நீள்கிறது. உயிர் இருப்பது மாதிரியே இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்ததே அந்தப் பந்தால்தான். ஆனால் இரண்டு வருடங்களில் பந்தைத் துள்ள வைக்கத்தான் கற்றுக்கொண்டேன். மனிதனை நடக்க வைக்கக் கற்றுக்கொண்டது மலாக்காவில், புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில்.

தொழிற்சாலைகளுக்கு எதிரே ஒரு கடைவரிசை. டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே டயர் கழற்றும் இயந்திரம் உறுமும்போதெல்லாம் மேலே மேசைகள் நடுங்கும். ஐந்து கணினிகள், ஒரு தொலைக்காட்சி, ஒரு வீடியோ டெக், ஒரு கேமரா. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கணினிக்குள்ளேயே ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. எந்த நாட்டிலிருந்தும் ஆட்கள் தொலைபேசிக் கம்பி வழியாக அதற்குள் நுழையலாம். ஆளுக்கு ஓர் உடம்பைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டு அங்குள்ள வீதிகளில் நடக்கலாம், உட்காரலாம், எதிரே வருபவரோடு எழுத்தில் பேசலாம். அந்த உடம்புக்கு அவதாரம் என்று பெயர். அவதாரங்களுக்கு அசைவு செய்து கொடுப்பது எங்கள் வேலை. அசைவு சீராக இருக்க வேண்டும் என்பதுதான் வாடிக்கையாளரின் ஒவ்வொரு கடிதத்திலும் வந்த வாசகம்.

எங்களுக்குத் தலைமை லூர்து அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். எதிரே இருந்த மின்னணுத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, நகத்தளவு சில்லுகளில் கீறல் தேடிக்கொண்டிருந்தவர். வரைகலை படித்ததில்லை. முதலாளி அவரைக் கூட்டி வந்தது அந்தக் கண்ணுக்காக.

அவர் வேலை பார்க்கும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உட்கார மாட்டார். நாம் செய்த நடையைத் திரையில் ஓடவிட்டால், பின்னால் வந்து நின்று, கையிலிருக்கும் அட்டைக் கோப்பை நீட்டித் திரையின் மேல்பாதியை மறைத்துவிடுவார். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் தெரியும்.

"மூஞ்சியப் பாத்தா ஏமாந்துருவோம் லா. காலு பொய் சொல்லாது."

பத்துத் தடவை நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு சொல். "வழுக்குது" என்றால், தரையில் ஊன்றிய பாதம் அங்கேயே நிற்காமல் ஐஸ் மேல் வைத்ததுபோல நகர்கிறது என்று பொருள். "மெதக்குது" என்றால், உடம்பின் பாரம் அந்தக் காலில் இறங்கவில்லை. "இடிக்குது" என்றால், அசைவின் நடுவில் எங்கோ ஒரு சின்ன வெட்டு. எந்த இடத்தில் என்று சொல்ல மாட்டார். நாமே தேட வேண்டும். ஒன்றும் சொல்லாமல் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டால் நடை தேறிவிட்டது. நாலு வருடத்தில் அவர் வாயிலிருந்து "நல்லா இருக்கு" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை.

செய்முறை இதுதான். நடப்பவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் வெள்ளை நாடாவைத் துண்டு துண்டாக ஒட்டுவோம். பக்கவாட்டிலிருந்து கேமராவில் எடுப்போம். வீடியோ டெக்கில் போட்டு, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்துவோம். தொலைக்காட்சித் திரைமேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி, வெள்ளைத் துண்டுகள் தெரியும் இடத்தில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைப்போம். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து, பள்ளிக்கூடத்துக் கோணமானியால் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, கணுக்கால் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளந்து, ஒவ்வோர் எண்ணாகக் கணினியில் போடுவோம். ஒரு காலடிக்கு எட்டு நிலைகள். இடையில் உள்ளதைக் கணினி நிரப்பும். அது நிரப்புகிற லட்சணத்தில் பாதம் தரைக்குள் இறங்கிவிடும், அல்லது காற்றில் நிற்கும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்வதுதான் சீர்செய்தல். ஒரு நடைக்கு இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும். வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் தாளைத் தின்னர் போட்டுத் துடைத்து அடுத்த நடைக்கு எடுத்துக்கொள்வோம். வீடியோ நாடாமேலும் அடுத்த ஆளைப் பதிவு செய்வோம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தொலைபேசிக் கம்பியில் போக வேண்டுமென்பதால் நடைக் கோப்பு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஆகவே வலது காலின் ஓர் அடியை மட்டும் செய்வோம். இடது காலின் அடியைக் கணினியே கண்ணாடியில் காட்டுவதுபோலத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். பாதி நடை செய்தால் முழு நடை கிடைத்துவிடும். படம் எடுப்பதும் அதனால் வலது பக்கத்திலிருந்து மட்டும்தான். எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் நானே விழுந்து விழுந்து அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

முதல் பெரிய வேலை, சாதாரண ஆண் நடை. எந்தப் புது ஆசாமி அந்த உலகத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அவனுக்குக் கிடைக்கப்போகும் நடை. அலுவலகத்து ஆட்களை எடுத்துப் பார்த்தோம். கேமராவைக் கண்டதும் எல்லாரும் மாப்பிள்ளை மாதிரி நடந்தார்கள். கீழே டயர் கடைக்காரரை எடுத்தோம். அவர் சிரித்துக்கொண்டே நடந்தார்.

"நடக்கறதே வேலையா இருக்கற ஆளு வேணும். யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார் லூர்து அக்கா.

"எங்கப்பா இருக்காரு" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கேமராவோடு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். எங்கள் லயத்துக்கு முன்னால் தார் போட்ட பாதை. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் பெரிய சாக்கடை. வீட்டுப் பக்கம் கேமராவை நிறுத்தினோம். குழாயடியிலிருந்து மாமரம் வரை நடக்க வேண்டும். அரைக்கால் சட்டையோடு நின்ற அப்பாவின் முழங்காலிலும் கணுக்காலிலும் நான் நாடா ஒட்டியபோது பக்கத்து வீட்டுக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"என்னாண்ணே, ஒடஞ்ச பைப்புக்கு ஒட்டற மாதிரி ஒட்டறா ஒங்க மக?"

"படத்துல நடிக்கப் போறேன்டா. ஒனக்கு வயிறு எரியுதா?"

முதல் தடவை அப்பாவும் நெஞ்சை நிமிர்த்தி அணிவகுப்பு நடை நடந்தார். இரண்டாவது தடவையும் அப்படித்தான். அக்கா என்னைப் பார்த்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சோறு ஆறிப் போவுது. வரீங்களா, இல்ல அங்கயே நின்னு கூத்தடிக்கிறீங்களா?" அப்பாவின் முகத்திலிருந்து நடிப்பு இறங்கியது. மூன்றாவது தடவை சீக்கிரம் முடித்தால் போதும் என்று நடந்தார். முப்பது வருடமாக விடிவதற்கு முன் தீம்பாருக்கு, அதாவது பால் வெட்டும் காட்டுக்கு, போன நடை அதுதான்.

மாமரத்தை அடைந்ததும் அக்கா நிறுத்து பொத்தானை அழுத்தினார். பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும். அப்பா திரும்பி எங்களை நோக்கி நடந்து வந்தார். இப்போது அவருடைய இடப்பக்கம் எங்கள் பக்கம் இருந்தது.

"ஏம்மா, திரும்பி வர்றத எடுக்கலியா?"

"வேணாம்ப்பா. ஒரு பக்கம் போதும்."

"அப்ப இந்தப் பக்கம்?"

"கம்ப்யூட்டரே போட்டுக்கும்ப்பா."

"கெட்டிக்காரக் கம்ப்யூட்டர்தான் போ" என்று சொல்லிவிட்டு, இடது முழங்காலில் ஒட்டியிருந்த நாடாவைப் பிய்த்துக்கொண்டே சோற்றுக்குப் போய்விட்டார். தேவையில்லாத பக்கத்தில் ஏன் நாடா ஒட்டினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

அந்த நடை என்னை மூன்று வாரம் படுத்திவிட்டது. அப்பாவின் வலது பாதம் தரையில் பதிந்த பிறகு குதிகால் எழுவதற்கு முன் கொஞ்சம் தங்கும். மேட்டிலும் சரிவிலும் வேர் தட்டாமல் நடந்து பழகிய கால், தரை உறுதியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் எழும். ஃபிரேம் கணக்கில் சொன்னால் இரண்டே இரண்டு ஃபிரேம். அதை அப்படியே வைத்தால் திரையில் பழுதுபோலத் தெரிந்தது. "இடிக்குது" என்றார் அக்கா. அதை எடுத்துவிட்டால் சீராக ஓடியது, ஆனால் அப்பா போய்விட்டார். கோப்பால் மறைத்துப் பார்த்துவிட்டு, "மெதக்குது" என்றார் அக்கா. பதினோரு தடவை மாற்றினேன். கடைசியில், பாதம் தங்கும் அந்த இரண்டு ஃபிரேமிலும் இடுப்பு மட்டும் நிற்காமல் முன்னே போகும்படி வைத்தேன். கால் காத்திருக்க, உடம்பு அதன்மேல் உருண்டு போனது. அக்கா பத்துத் தடவைக்குப் பதில் இருபது தடவை பார்த்தார். பிறகு கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த உலகத்துக்குள் நானும் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த ஒரு சதுக்கம். இரும்புக் கவசம் போட்ட வீரன் ஒருவன் போனான். நரித்தலை வைத்த ஒருவன், கோட்டு சூட்டு போட்ட ஒருவன், உடம்பெல்லாம் நீலமாய் ஒருவன். எல்லாருமே எங்கப்பா நடையில் போனார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அப்பாவிடம் சொன்னேன்.

"வெள்ளக்காரனுங்கள்லாம் என் நடதான் நடக்குறானுங்களா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப நாளைக்கு விடிகாலைல பேரு கூப்பிடற பெரட்டுக்கு நாலு பேர வரச் சொல்லு. வெட்டுக்கு ஆளு பத்தல."

இதுவரைக்கும் எழுதியதை மட்டும் அனுப்பினால் பிள்ளைகள் சந்தோஷமாக அச்சில் போடுவார்கள்.

மூன்றாவது வருடம் அப்பாவின் இடது காலில் ஒரு முள் குத்தியது. இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி இருந்த உடம்பு. குத்தியதே தெரியவில்லை. தெரிந்தபோது கட்டைவிரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். ஆறு வாரத்துக்குள் இது நடந்தது. அப்பா வீடு திரும்பிய அன்று அம்மா அவருடைய இடது காலுக்குரிய ரப்பர் பூட்ஸையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ எறிந்துவிட்டு வந்தார். வலது கால் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

புண் ஆறிய பிறகு செயற்கைக் கால் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சிக் கூடம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் நடக்க வேண்டும். அங்கே பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண், பொறுமைசாலி. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இடது காலை எடுத்து வைக்கச் சொன்னால் வைக்க மாட்டார். பயம் என்று நினைத்தோம்.

"டுலு ஜாலான் மச்சாம் மானா, பாச்சிக்?" என்று அந்தப் பெண் கேட்டார். முன்பெல்லாம் எப்படி நடப்பீர்கள், மாமா என்று.

அப்பா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "அதாம்மா தெரியல. யோசிக்காம நடந்துட்டேன். இப்ப யோசிச்சா வரமாட்டுது."

நாலு வாரம் அப்படியே போயிற்று. அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இப்படியே உட்கார்ந்திருந்தால் முழங்கால் மடங்கியபடியே இறுகிப் போகும், அதன் பிறகு எந்தக் காலும் பொருந்தாது, இன்னும் இரண்டு மூன்று வாரத்துக்குள் எழுந்து நடந்தாக வேண்டும் என்றார். பழைய வீடியோ ஏதாவது இருக்கிறதா, தன் நடையைத் தானே பார்த்தால் சிலருக்கு நம்பிக்கை வரும் என்றார். என் கூடப் பிறந்த அக்காவின் கல்யாண வீடியோ இருந்தது. அதில் அப்பா முழு நேரமும் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் நான் துள்ளிவிட்டேன். என்னிடம் இல்லாத நடையா! "அப்பா, ஒங்க நட எங்கிட்ட இருக்கு. ஞாபகம் இருக்கா, நாடா ஒட்டி எடுத்தோமே! கொண்டாந்து காட்டறேன்."

அப்பாவின் முகம் பல வாரங்களுக்குப் பிறகு கொஞ்சம் மாறியது. "கொண்டா. அதப் பாத்துட்டு நிக்கிறேன்" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் வீடியோ நாடாவைத் தேடினேன். அதன்மேல் யாரோ ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். வழக்கப்படி மேலே பதிந்துவிட்டோம். பிளாஸ்டிக் தாள் எப்போதோ துடைக்கப்பட்டிருந்தது. பரவாயில்லை, கணினியில் நடை இருக்கிறதே. சாம்பல் நிற வெறும் உடம்பு ஒன்றை எடுத்து அந்த நடையைக் கொடுத்து ஓடவிட்டேன். தொலைக்காட்சியில் போட்டுக் காட்ட வசதியாக நாடாவில் பதியத் தயாரானேன்.

லூர்து அக்கா பழக்கதோஷத்தில் பின்னால் வந்து நின்று கோப்பை நீட்டி மேல்பாதியை மறைத்தார். கால்கள் மட்டும் நடந்தன. வலது, இடது, வலது, இடது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சுகுணா, அப்பாவுக்கு எந்தக் காலு எடுத்தாங்க?"

"இடது கால்க்கா."

கோப்பு திரையிலிருந்து கீழே இறங்கியது.

"இடது காலு நம்மகிட்ட இல்லியே."

எனக்குப் புரிய சில நொடிகள் பிடித்தன. மூன்று வாரம் அந்தக் காலோடு வாழ்ந்தவள் நான். கோணம் அளந்தவள் நான். அத்தனையும் வலது கால். திரையில் இருந்த இடது கால், வலது காலின் கண்ணாடிப் பிம்பம். அப்பாவின் இடது கால் கேமரா முன்னால் நடிப்பில்லாமல் ஒரே ஒரு தடவை நடந்து வந்தது, அப்போது நாங்கள் கேமராவை நிறுத்தியிருந்தோம்.

"சொல்லிட்டுக் காட்டு. அவருகிட்ட மறைக்காத" என்றார் அக்கா.

நான் சொல்லவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு காலும் ஒரே ஆளுடையதுதானே? மனிதர்களின் நடையில் இடது வலது வித்தியாசம் எவ்வளவு இருந்துவிடும்? அது தெரியக்கூடாது என்பதற்குத்தானே நாங்கள் சம்பளம் வாங்கினோம்?

வீட்டில் நாடாவைப் போட்டேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, செயற்கைக் காலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தார். சாம்பல் உடம்பு நடந்தது. முதலில் அப்பாவின் வாய் மெல்ல விரிந்தது.

"ஆமா, அது நான்தான். அந்தக் காலு அப்படித்தான் நிக்கும்."

மேலும் கொஞ்ச நேரம் பார்த்தார். தலை சற்றுச் சாய்ந்தது.

"எடது காலு யாருது?"

"ஒங்களோடதுதாம்ப்பா."

"இல்லம்மா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னா இல்ல? நல்லாத்தான நடக்குது?"

"நல்லாத்தான் நடக்குது. ஆனா நான் இல்ல."

சொல்லிவிட்டேன். பாதி நடையை, கண்ணாடியை, பேட்டரியை, எல்லாவற்றையும். திட்டுவார் என்று நினைத்தேன். அப்பா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அன்னிக்கே கேட்டேன்ல, திரும்பி வர்றத எடுக்கலியான்னு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட அவர் கையால் ஓர் அடி வாங்கியிருக்கலாம்.

"எப்படி நடக்கும்னு சொல்லுங்கப்பா. நான் செஞ்சிர்றேன்."

"அது தெரிஞ்சா நான் நடந்துருவேனே."

விடவில்லை நான். அம்மாவிடம் கேட்டேன். "காலு மாதிரிதான் வெப்பாரு, வேற எப்படி?" என்றார். பால் மரத்தைச் சுற்றும்போது எந்தக் கால் முதலில் போகும் என்று வேலிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஒரு மரத்தை வைத்து நடித்துக் காட்டினார், இரண்டு தடவை இரண்டு விதமாக. அவர் காட்டியதை வைத்து இடது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பினேன். கொஞ்சம் முன்னதாக எழுப்பினேன். பிறகு தாமதமாக எழுப்பினேன். அலுவலக வேலை முடிந்த பிறகு தினமும் லூர்து அக்கா என் கூடவே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த இரண்டு வாரம்தான். அவராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. பழுது எங்கே என்று சொல்ல, சரியானது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு புதுச் சேர்க்கையையும் நாடாவில் பதிந்து பஸ் ஏறிக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுவாப்பா?" என்பேன். "இல்ல" என்பார். அடுத்தது. "இதுவா?" "இது யாரோ குடிகாரன்." இன்னொன்று. "இதுவா?" "கிட்ட வருது. ஆனா இல்ல." ஏழாவது நாடாவைப் போட்ட அன்று மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்தபடி ஓடி வந்திருந்தேன். தலைமுடியிலிருந்து தண்ணீர் வீடியோ டெக்கின்மேல் சொட்டியது. அப்பா திரையைப் பார்ப்பதற்கு முன் என்னைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

நடை ஓடியது. நாலைந்து அடிதான் போயிருக்கும்.

"ஆங். இதுதான். இதேதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான் லா. அந்தக் கால எடு."

செயற்கைக் காலை மாட்டிவிட்டேன். என் தோளைப் பிடித்து எழுந்தார். கட்டிலிலிருந்து வாசல்வரை ஒன்பது அடி. ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்கியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஆனால் நடை திரையில் ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மழையில் கொண்டுவந்த ஏழாவது நாடா புதியதல்ல. அவசரத்தில் இரண்டாவது நாடாவை எடுத்து வந்திருந்தேன். யாரோ குடிகாரன் என்று அவர் ஒதுக்கிய அதே நடை.

அதை நான் இன்றுவரை அப்பாவிடம் சொல்லவில்லை. முழங்கால் இறுகவில்லை, பயிற்சி தொடர்ந்தது, கைத்தடியும் கொடுத்தார்கள். மலாய்ப் பெண்ணுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் ஆஸ்பத்திரிக் கூடத்தைத் தவிர, அப்பா வாசலைத் தாண்டி வெளியே எங்கும் நடந்ததே இல்லை. குழாயடிக்கும் போனதில்லை.

அதற்குப் பிறகு என்னால் அந்தக் கண்ணாடிப் பொத்தானை அழுத்த முடியவில்லை. எந்த நடையை எடுத்தாலும் இரண்டு பக்கமும் படம் எடுத்தேன், இரண்டு காலையும் தனித்தனியாகச் செய்தேன். கோப்பு பெரிதானது, வேலை இரட்டிப்பானது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். "யாருக்கு வித்தியாசம் தெரியும்?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த வருடம் வாடிக்கையாளரே, மின்னஞ்சலில் பிள்ளைகள் சொன்ன மாதிரி ஓர் உடுப்பை வாங்கிவிட்டார். மாடியைக் காலி செய்தோம். லூர்து அக்கா எதிரே இருந்த தொழிற்சாலைக்கே திரும்பிப் போய் மறுபடியும் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். அந்தக் கணினி உலகமும் கொஞ்ச காலத்தில் மூடப்பட்டது. ஒருநாள் உள்ளே போக முயன்றேன். இணைப்பு கிடைக்கவில்லை. அப்பாவின் வலது காலும் அத்தோடு போயிற்று.

பிள்ளைகளே, உங்கள் உடுப்பைப் பற்றி விவரம் கேட்டு எழுதியிருந்தேன். இரண்டு காலிலும் கருவிகள் இருக்கின்றன என்று பதில் போட்டிருந்தீர்கள். நல்லது. நான் உங்களுக்குச் சொல்லித் தரக்கூடியது அது ஒன்றுதான், அதுவும் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லூபோக் சீனா பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறேன். பஸ் சத்தம் கேட்டதும் அப்பா காலை மாட்டிக்கொள்கிறாராம். மற்ற நாட்களில் அது கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்று அம்மா சொன்னார். நான் உள்ளே நுழையும்போது, கட்டிலிலிருந்து எழுந்து அந்த ஒன்பது அடியை எனக்காக நடந்து வருவார். "பாத்தியா, ஒன் கம்ப்யூட்டர் சொன்ன மாதிரியே நடக்கறேன்" என்பார். அவர் வந்து சேர்ந்ததும் நான் பையை வைக்கவோ அம்மாவைத் தேடவோ போவதில்லை. வாசலிலேயே நிற்கிறேன். அவர் சுவரைப் பிடித்து மெல்லத் திரும்பி, கட்டிலுக்குப் போய்ச் சேரும்வரை, அந்த ஒன்பது அடியையும் பார்க்கிறேன்.